வாசலில் நின்ற கார்

கார் திடீரென்று அலறியதில் நஜீபாவின் கையிலிருந்த மாவுக் கிண்ணம் நழுவி அடுப்படித் தரையில் உருண்டது. காலை மணி ஆறரை. திருடனா, மாடு முட்டியதா என்று பதறிக்கொண்டு, முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டபடி வாசலுக்கு ஓடினாள். திருடனும் இல்லை, மாடும் இல்லை. முந்தாநாள்தான் சவூதியில் தம்மாமிலிருந்து லீவில் வந்திருந்த அவள் புருஷன் சஃபியுல்லா, முன் டயரை உதைத்துவிட்டு நின்றிருந்தான். கையில் செல்போன் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சாவியை அழுத்தி அலறலை நிறுத்தினான்.

"இங்க வா. இத சாச்சுப் புடி."

விளக்கை வாங்கிப் பிடித்தாள். கறுப்பு பானெட்டில் வெளிச்சம் விழுந்த இடத்தைச் சுற்றி, சிலந்தி நூல்போல மெல்லிய கீறல்கள் வட்டம் வட்டமாகத் தெரிந்தன. விளக்கை நகர்த்தினால் வட்டங்களும் கூடவே நகர்ந்தன. பானெட், கதவு, கூரை, எங்கே பார்த்தாலும் அதே வட்டம். தோசை ஊற்றும்போது மாவை இழுக்கிற மாதிரி, அவள் கை போகிற போக்கு அப்படியே பதிந்திருந்தது.

"என்னத்த வச்சுத் தேச்ச?"

"நீங்க சொன்ன மாதிரிதான். காஞ்ச துணி."

"துணின்னுதான் சொன்னேன். உப்புத்தாளுன்னா சொன்னேன்?"

விளக்கை அடுத்த கதவுக்கு நகர்த்திப் பிடித்தாள். மூன்று வருஷத்துக்கு முந்திய லீவில் வாங்கிய கார். கீழவாஞ்சூர் துறைமுகத்திலிருந்து நிலக்கரி ஏற்றிக்கொண்டு போகிற லாரிகள் தெருமுனைச் சாலை வழியாகத்தான் போகும். தார்ப்பாயை இழுத்துக் கட்டாத லாரி ஒன்று போனால் போதும், விடிவதற்குள் கார்மேல் கருந்தூள் படிந்திருக்கும். இந்தத் தெருவில் போர்த் தண்ணீர் உப்பு. அதை ஊற்றினால் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழும், தண்ணீரே படக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனவன் அவன்தான். தினமும் காலை ஆறரைக்கு வீடியோவில் வருவான். அங்கே அப்போது மணி நாலு, கேம்ப் பஸ் வருவதற்கு முன்பு. "காரைக் காட்டு" என்பதுதான் முதல் பேச்சு. அவள் ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கரித்தூளைத் துடைப்பாள். அவன் பார்த்துக்கொண்டே இருப்பான். ஒரு நாள்கூட, அப்படித் தேய்க்காதே என்று அவன் சொன்னதில்லை. போனில் கீறல் தெரியாது.

வந்த அன்றைக்கே அவள் கேட்டுவிட்டாள். போதும், இனிமேல் போக வேண்டாம். கல்யாணமான ஒன்பது வருஷத்தில் சேர்ந்து இருந்தது ஒரு வருஷம்கூடத் தேறாது. காரைக்காலில் ஏசி மெக்கானிக்குக்கு வேலையா இல்லை? அவன் மறுக்கவில்லை. "லீவு நாப்பது நாள் இருக்குல்ல, யோசிச்சுச் சொல்றேன்" என்றான். அவன் அவ்வளவு சொன்னதே அவளுக்குப் பெரிதாக இருந்தது. ரிட்டர்ன் டிக்கெட்டை அவன் பெட்டியில் பார்த்திருந்தாள். அதை ரத்து செய்துவிட்டேன் என்கிற ஒரு சொல்லுக்காகத்தான் காத்திருந்தாள். இப்போது யோசனை முழுவதும் இந்த வட்டங்களுக்குள் போய்விடும்போல இருந்தது.

பத்து மணிக்கு கார்முகில் வந்தான். நிரவியில் வாட்டர் வாஷ் கடை வைத்திருப்பவன். சஃபியுல்லா இரவல் கேட்டிருந்த இரண்டு பாலிஷ் மெஷின், அதில் மாட்டுகிற பேடுகள் ஒரு பை நிறைய, நாலைந்து டப்பா காம்பவுண்டுப் பசை. வாசல் சிமெண்டில் எல்லாவற்றையும் பரப்பி வைத்தான்.

"இது ரோட்டரி பாய். ஒரே போக்குல சுத்தும், சரசரன்னு வெட்டும். கை கொஞ்சம் அசந்தீங்க, சூட்டுல மேப்பூச்சு போயிடும். அப்பறம் பெயிண்டுதான் அடிக்கணும். இது டூயல் ஆக்‌ஷன். சுத்திக்கிட்டே ஆடும். நேரமாவும், ஆனா புதுக் கைக்கு இதுதான் சரி."

"கம்பளிப் பேடு வச்சு, கீறல அறுக்குற அந்தக் கட்டிங் காம்பவுண்டப் போட்டா ஒரே நாள்ல முடிஞ்சிடுமுல்ல?" என்றான் சஃபியுல்லா.

"முடியும். தோலும் உரிஞ்சிடும்" என்று சிரித்தான் கார்முகில். "மொதல்ல ஒரு சாண் எடத்துல, மெத்துனு இருக்குற இந்த ஸ்பாஞ்சு பேடுல மெல்லிசு பாலிஷப் போட்டுப் பாருங்க. போவலியா, ஒரு படி கூட்டுங்க. எடுத்த எடுப்புல காரமானதப் போட்டா, போன மேப்பூச்சு திரும்பி வராது."

பிறகு குனிந்து கதவைப் பார்த்தான். "என்னா பாய் இது, கார்ல கோலமே போட்டிருக்கு!"

"எல்லாம் எங்க வீட்டம்மா கைவண்ணம்." சஃபியுல்லா அவள் பக்கம் திரும்பாமலே சொன்னான். "மூணு வருஷம் ஒரு பொருளப் பாத்துக்கத் துப்பில்ல. இவங்கள நம்பி நான் வேலைய விட்டுட்டு இங்க வந்து ஒக்காரணுமாம்."

டீ டம்ளரோடு நின்ற நஜீபாவுக்குக் காது சூடேறியது. அந்நிய ஆண் முன்னால், தெருவே கேட்க. எதிர்வீட்டு அமீர் நிஷா வேறு ஜன்னலில் நின்றாள்.

"என் வீட்டு வாசல்லதானே மூணு வருஷமா நிக்குது? எடத்துக்கு வாடகையா கேட்டேன்?"

சொல்லி முடித்த பிறகுதான் நஜீபாவுக்குத் தான் சொன்னது உறைத்தது. கார்முகில் சட்டென்று வயரை எடுத்துக்கொண்டு பிளக்கைத் தேடப் போனான். அமீர் நிஷாவின் ஜன்னல் மெல்லச் சாத்திக்கொண்டது.

இந்தத் தெருவில் பெண் புருஷன் வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவான். இந்த வீட்டை அவள் வாப்பா சேக் அலாவுதீன் கட்டி, நிக்காஹுக்கு முன்பே அவள் பெயருக்கு எழுதி வைத்தார். சஃபியுல்லா ஒரு பெட்டியோடு வந்து இறங்கினான். கட்டில், பீரோ, ஃபேன் எல்லாம் வாப்பா வாங்கியது. அவனுடையது என்று சொல்லிக்கொள்ள இந்த வளாகத்தில் இருந்தது அந்தக் கார் ஒன்றுதான். எவ்வளவு சண்டை வந்தாலும் வீடு யாருடையது என்கிற பேச்சை மட்டும் இங்கே எந்தப் பெண்ணும் எடுக்க மாட்டாள். எடுத்தால் மாப்பிள்ளை தன்னைப் பெற்ற உம்மா வீட்டுக்கே போய்விடுவான். அப்படிப் போனவர்களில் திரும்பி வந்தவர்கள் குறைவு.

அன்று முழுக்க அவன் பெட்டி இருந்த இடத்திலேயே இருக்கிறதா என்று அவள் எட்டி எட்டிப் பார்த்தாள். மத்தியானம் சோறு போட்டாள். அவனோ கேட்டு வாங்கி இன்னொரு கரண்டி மீன் குழம்பு ஊற்றிக்கொண்டான். மறுநாள் காலையிலேயே டூயல் ஆக்‌ஷனை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டான். மெல்லிசு பாலிஷுக்குக் கீறல் அசையவில்லை. ஒரு படி கூட்டி, ஆரஞ்சுப் பேடும் நடுத்தர காம்பவுண்டும் போட வேண்டியிருந்தது. இரண்டடிக்கு இரண்டடி டேப் ஒட்டி, அந்தக் கட்டத்துக்குள் மட்டும் மெஷினை மெதுவாக ஓட்டினான். குறுக்கே நாலு தடவை, நெடுக்கே நாலு தடவை. "வெளக்கு" என்பான். அவள் சாய்த்துப் பிடிப்பாள். துடைத்துப் பார்த்தால் வட்டம் மறைந்திருக்கும். அடுத்த கட்டம்.

நாலு நாள். வேலைக்கு நடுவில் அவன் கேம்ப் கதை சொன்னான். அறையில் கூட இருக்கும் மலையாளி குறட்டை விடுவதை நடித்துக் காட்டியபோது அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஒன்பது வருஷத்தில் நாலு நாள் தொடர்ந்து அவனோடு சேர்ந்து ஒரு வேலை செய்தது இதுதான் முதல் தடவை. மன்னித்துவிட்டான் என்று நினைத்தாள். மன்னிப்பு கேட்டு அதை ஞாபகப்படுத்துவானேன் என்றும் நினைத்தாள். கேட்காமலே அடுத்த கட்டத்துக்கு விளக்கைப் பிடித்தாள்.

ஐந்தாம் நாள் மாலை அசர் தொழுதுவிட்டு வந்து, மெருகேற்றும் கறுப்புப் பேடால் கடைசிக் கை போட்டான். மேற்கு வெயில் முழுசாகக் காரின்மேல் விழுந்தது. ஒரு கோடு இல்லை. கதவில் வீட்டு வாசலும், வாப்பா பெயர் வெட்டிய கல்லும், விளக்கோடு நிற்கிற அவளும், எல்லாமே தண்ணீரில் தெரிவதுபோலத் தெரிந்தன. அவள் கையின் சுவடு எங்குமே இல்லை. அவன் இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தான். முகத்தில் திருப்தி இருந்தது. இதுதான் நேரம் என்று அவளுக்குத் தோன்றியது.

"மச்சான், அந்த டிக்கெட்ட கேன்சல் பண்ணிட்டீங்களா?"

அவன் பேடுகளை ஒவ்வொன்றாகத் தூசி தட்டிப் பைக்குள் போட்டான். ஜிப்பை இழுத்து மூடினான். குரலை உயர்த்தவே இல்லை.

"நாளைக்கு விடியக்காலைல சுபுஹு தொழுதுட்டு காரை உம்மா வீட்டுல கொண்டு போயி நிப்பாட்டிடுறேன். என் பொட்டிய எடுத்து டிக்கில வச்சுடு."