மூன்றாம் பாகத்திலிருந்து

பல் செட் செய்யும் லேபில் அவளுக்கு டிராகன் என்று பெயர். கோபக்காரி என்பதால் அல்ல. அவள் கையில் எப்போதும் இருக்கும் தடித்த புத்தகங்களின் அட்டையில் ஏதாவது ஒரு டிராகன் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும், அதனால். "டிராகன், மேல் செட்டு ரெடியா?" என்று முதலாளியே கேட்பார். "இன்னும் வேகுது சார்" என்பாள் அவளும் தலையைத் தூக்காமல்.

அது வேகும் நேரம்தான் அவள் படிக்கும் நேரம். மெழுகில் பல்லை வரிசையாக நட்டு, பித்தளை அச்சுக்குள் வைத்துப் பிளாஸ்டரை ஊற்றி, மெழுகை உருக்கி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஈறு நிறத்தில் அக்ரிலிக் மாவைத் திணித்து இறுக்கி, வெந்நீரில் இறக்கிவிட்டால் அதற்குமேல் யாராலும் அவசரப்படுத்த முடியாது. அவள் ஸ்டூலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு வேறொரு நாட்டுக்குக் கிளம்பிவிடுவாள். பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் அப்படித்தான். மதியச் சாப்பாட்டுக்கு வலது கையில் ஸ்பூன், இடது கையில் புத்தகம். விரலில் ஒட்டிய பிளாஸ்டர் தூள் பக்க ஓரங்களில் படிந்து, அவள் அலமாரியில் எந்தப் புத்தகத்தைத் தட்டினாலும் மாவு மில் போலப் புகையும்.

கடைசியாக அவளைப் பிடித்துக்கொண்டது நிழலில்லாத ஒரு ராணியின் கதை. வெள்ளத்திலிருந்து ஊரைக் காப்பாற்றுவதற்காக ஒரு மந்திரவாதியிடம் தன் நிழலைக் கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகு வெயிலில் நடக்கவே கூசுகிற ராணி. அவளைத் தேடி வரும் ஒரு படகோட்டி. எந்தப் பூட்டையும் திறந்துவிடுகிற ஒரு பூட்டுக்காரி. முதல் இரண்டு பாகங்களையும் அவள் துண்டு துண்டாகத்தான் படித்திருந்தாள். போர் மூளும்போது இறங்க வேண்டிய நிறுத்தம் வந்துவிடும். ராணி உண்மையைச் சொல்ல வாயைத் திறக்கும்போது அச்சு வெந்துவிடும். அதனால் மூன்றாம் பாகம் வெளிவந்ததும் வாங்கி, பிரிக்காமல் அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டாள். விடுமுறைக்குத்தான். முழுதாக, தொந்தரவில்லாமல், ஒரே மூச்சில். விடுமுறைக்கு இருந்த மூன்று வாரமும் அலமாரிப் பக்கம் போகும்போதெல்லாம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போனாள்.

வருடா வருடம் கணவன் வீட்டார் எல்லோரும் சேர்ந்து ஏரிக்கரையில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுப்பார்கள். அவளும், வேன் ஓட்டிப் பார்சல் கொடுக்கும் அவள் கணவனும். பிறகு நாத்தனார், பள்ளியில் விளையாட்டு ஆசிரியை, விடுமுறையிலும் எல்லோரையும் ஓட வைக்கப் பார்ப்பாள். நாத்தனாரின் கணவர் இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை செய்பவர். அவள் அவரை அண்ணன் என்று கூப்பிடுவாள். யாரையாவது கிண்டல் செய்யாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. கடைசியாக மாமியார். அவளுக்கு அத்தை. ஒரு சினிமா தியேட்டரில் டிக்கெட் கவுண்டரிலேயே தலை நரைத்து, ஓய்வு பெற்றவர். அதிகம் பேசமாட்டார். கல்யாணமான நாளிலிருந்து இருவருக்கும் நடந்த பேச்சையெல்லாம் கூட்டிப் பார்த்தாலும் 'சாப்டியா', 'சாப்டேன் அத்தை' என்பதைத் தாண்டிப் பெரிதாக ஒன்றும் தேறாது. சண்டையும் இல்லை, ஒட்டுதலும் இல்லை.

வந்த அன்றைக்கே அவள் புத்தகத்தைப் பிரித்து, நாற்பது பக்கம் போல ஓட்டிவிட்டு, பஸ் டிக்கெட்டை அடையாளம் வைத்து முன்னறை மேசையில் வைத்தாள். மறுநாள் காலை நாத்தனார் விசில் அடிக்காத குறையாக எல்லோரையும் ஏரிக்கு விரட்டினாள். திரும்பி வந்து அவள் புத்தகத்தை எடுத்தபோது டிக்கெட் வைத்த இடத்திலேயே இருந்தது. ஆனால் புத்தகம் அவள் கையிலிருந்து நழுவித் தானாக வேறொரு இடத்தில் விரிந்தது. நடுவில், அவள் இன்னும் போகாத பக்கத்தில். அங்கே பிஸ்கட் துகள் இருந்தது.

அவள் வாங்கிய புத்தகம். புத்தம் புதுசு. கடைக்காரர் பாலிதீன் உறையோடு கொடுத்தது. பிறகு பிஸ்கட் எங்கிருந்து வந்தது?

ஒரு பல் மயிரிழை சாய்ந்திருந்தாலும் கண்டுபிடித்துவிடுகிற கண் அவளுடையது. மறுநாள் புத்தகத்தை மேசை விளிம்புக்குச் சரியாக இணையாக வைத்துவிட்டுப் போனாள். வந்து பார்த்தால் லேசாகக் கோணி இருந்தது. துகள்களும் இருபது பக்கம் முன்னேறியிருந்தன. யாரோ படிக்கிறார்கள். அதுவும் அவளைவிட வெகு தூரம் முன்னால் போய்!

இப்போது ராணி ஒரு பக்கம், இந்த ஆள் ஒரு பக்கம் என்று அவள் மண்டையைக் குடைய ஆரம்பித்தார்கள். கணவனா? அவன் பார்சலில் ஒட்டிய முகவரியைத் தவிர எதையும் படித்து அவள் பார்த்ததில்லை. நாத்தனாரால் இரண்டு நிமிடம் ஓரிடத்தில் உட்கார முடியாது. அப்படியானால் அண்ணன்தான். "என்னம்மா, டிராகன் முட்டை போட்டுச்சா? ஆம்லெட் கிடைக்குமா?" என்று காலையில்கூடக் கேட்ட மனிதர். வெளியில் கிண்டல், உள்ளே திருட்டுப் படிப்பு! அவரைக் கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும் என்று அவளுக்குக் கை பரபரத்தது.

நேரே கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டார். அதனால் சாப்பாட்டு மேசையில் ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டாள்.

"மனசே சரியில்ல" என்றாள், மீன் முள்ளை எடுத்துக்கொண்டே. "என் கதையில படகோட்டி செத்துட்டான்."

"அடப்பாவமே" என்றார் அண்ணன். "இன்ஷூரன்ஸ் போட்டிருந்தானா?"

கணவன் சிரித்துவிட்டு இன்னொரு ரொட்டியை எடுத்தான். நாத்தனார், "யாரு? எந்தப் படகு? இங்க ஏரியிலயா?" என்று பதறினாள். அவளோ அண்ணனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சலனமும் இல்லை.

"அவன் எங்க செத்தான்?" என்று ஒரு குரல் கேட்டது. "அதான் கெணத்துல இருந்து ஏறி வந்துட்டானே!"

அத்தை. கையில் கரண்டியோடு, பாதி பரிமாறியபடி. சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. கரண்டி அப்படியே நின்றது.

"கெணறா?" என்றாள் அவள். "எந்தக் கெணறு அத்தை? நான் இன்னும் கெணத்துக்கே வரலியே!"

 அண்ணன் சிரித்த சிரிப்பில் தண்ணீர் டம்ளர் சாய்ந்தது. வலை விரித்தவளே போய் விழுந்த கதையாகிவிட்டது. திருடரைப் பிடித்ததற்கு விலையாகப் படகோட்டி கிணற்றில் விழப்போவதும், பிழைத்து வரப்போவதும் அவளுக்கு முன்கூட்டியே தெரிந்துபோனது.

சாப்பிட்ட பாத்திரங்களை அத்தை கழுவ, அவள் துடைத்து வைத்தாள். 

"கேட்டுட்டு எடுத்திருக்கணும். தப்புதான்" என்றார் அத்தை.

"ஐயோ, அதுக்கில்ல அத்தை. நீங்க எப்ப ஆரம்பிச்சீங்க?"

"நீங்க எல்லாம் ஏரிக்குப் போனப்ப. முட்டி வலின்னு நான் இருந்துட்டேன்ல. சும்மா பிரிச்சேன். எந்தப் பக்கம் வந்துச்சோ அங்கிருந்து படிச்சேன்."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நடுவுல இருந்தா? இது மூணாம் பாகம் அத்தை! முன்னாடி ரெண்டு பாகம் இருக்கு. ராணி யாரு, பூட்டுக்காரி யாருன்னே தெரியாம எப்படிப் படிச்சீங்க?"

அத்தை ஒரு தட்டைக் கழுவி நீட்டினார். "நான் எந்தப் படத்தையும் மொதல்ல இருந்து பாத்ததில்லம்மா."

கவுண்டரில் உட்கார்ந்திருப்பவர் கடைசி ஆள் உள்ளே போகும் வரை டிக்கெட் கொடுத்தாக வேண்டும். பிறகு கணக்கு முடித்து, பெட்டியைப் பூட்டி, சாவியை மேனேஜரிடம் ஒப்படைக்க வேண்டும். அதற்குள் படத்தில் ஒரு பாட்டும் ஒரு கொலையும் முடிந்திருக்கும். அதற்கப்புறம்தான் கதவோரம் நின்று பார்ப்பார். திரையில் யாரோ அழுதுகொண்டிருப்பார்கள். ஏன் அழுகிறாள், அவன் இவளுக்கு அண்ணனா புருஷனா என்பதையெல்லாம் அவரேதான் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். அப்படியே பழகி, ஒரு கட்டத்தில் அதுதான் ருசி என்றாகிவிட்டது. லீவு நாளில்கூட வேண்டுமென்றே தாமதமாகத்தான் உள்ளே போவாராம்.

"அப்ப இந்தக் கதைக்கும் ஒரு ஆரம்பம் வச்சிருப்பீங்களே?" என்று கேட்டாள் அவள். துணி கையிலேயே இருந்தது.

"வச்சிருக்கேன்."

"சொல்லுங்க."

"நீ சிரிப்ப."

"சிரிக்க மாட்டேன்."

அத்தை குழாயை மூடினார். "அந்த ராணியோட நிழலு எங்கயும் போகல. இவ கூட இருந்து சலிச்சுப்போய், தனியா எழுந்து நடக்க ஆரம்பிச்சிருச்சு. அந்தப் பூட்டுக்காரி இருக்கா பாரு, அவதான் நிழலு."

அவள் சிரித்துவிட்டாள். ராணி நிழலை மந்திரவாதியிடம் கொடுத்ததை முதல் பாகத்திலேயே படித்தவள் அல்லவா? அதைச் சொல்ல வாயெடுத்தாள். அத்தை ஈரக் கையை நீட்டித் தடுத்தார். "முன்னாடி நடந்தது எதையும் சொல்லாத. ஒண்ணு மட்டும் கேக்குறேன். பூட்டுக்காரி வர்ற எடத்துல எல்லாம் ஒரு வெளக்கு எரியுது, இல்ல வெயிலு அடிக்குது. இருட்டுல அவ ஒரு தடவையாவது வந்தாளா?"

அவள் யோசித்தாள். இருட்டில் வந்ததாக ஒரு இடம்கூட நினைவுக்கு வரவில்லை.

அன்றிலிருந்து விடுமுறையின் போக்கே மாறிப்போனது. காலையில் புத்தகம் அத்தைக்கு, மதியம் அவளுக்கு. அவள் வாசிப்பது இரட்டை வாசிப்பாகிவிட்டது; கதை ஒரு பக்கம் ஓட, பூட்டுக்காரி எட்டிப்பார்க்கும் ஒவ்வொரு இடத்திலும் வெளிச்சத்தைத் தேடினாள். சிறைக்குள் வந்தாளா, காவல்காரன் கையில் தீப்பந்தம் இருந்தது. குகைக்குள் வந்தாளா, கூரையில் ஒரு ஓட்டை வழியாக நிலா. "அத்தை, குகையிலயும் நெலா இருக்கு!" என்று அவள் சமையலறைக்கு ஓடினாள். "இருக்கும்னு சொன்னேன்ல" என்றார் அத்தை வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல். கணவன் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நான் ஏரிக்குப் போயிட்டு வரேன்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனான். யாரும் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை.

மூன்றாம் பாகம் முடிந்தது. நிழல் என்ன ஆயிற்று என்று அதில் ஒரு வரிகூட இல்லை.

வேலைக்குத் திரும்பியதும் அவள் முதல் பாகத்தைத் தூசி தட்டி எடுத்தாள். பஸ்ஸில், லேபில், வெந்நீர் கொதிக்கும் ஜன்னலோரத்தில் மறுபடி முதலிலிருந்து. தெரிந்த கதைதான், ஆனால் தெரியாத ஊரில் நடப்பது போல இருந்தது. மந்திரவாதி நிழலை வாங்கிக்கொண்டான், சரி. வாங்கி என்ன செய்தான்? எழுதவே இல்லை! பூட்டுக்காரி முதன்முதலில் ஊருக்குள் வருவது அதற்கு மறுநாள். இரண்டாம் பாகத்தில் ஒரு இடத்தில் அவளுக்குத் திக்கென்றது. பூட்டுக்காரி மூடிய நிலவறைக்குள் தனியாக உட்கார்ந்திருக்கிறாள், கும்மிருட்டு. போச்சு என்று நினைத்துப் பக்கத்தைத் திருப்பினால், பூட்டுக்காரி ஒரு தீக்குச்சியைக் கிழித்துக்கொண்டிருந்தாள்.

"டிராகன், தீயிற வாசனை வருது!" என்று முதலாளி கத்தினார். பாத்திரத்தில் தண்ணீர் சுண்டிவிட்டிருந்தது. பிழைத்துப்போன அச்சைக் குளிர வைத்துவிட்டு, மூச்சு வாங்க அத்தைக்குப் போன் போட்டாள்.

"ஒண்ணும் சொல்லாத" என்றார் அத்தை எடுத்த எடுப்பில். "என் கதை நிக்குதா விழுந்துருச்சா, அத மட்டும் சொல்லு."

"நிக்குது அத்தை."

"அப்ப சரி. சாப்டியா?"

"இன்னும் இல்ல. நீங்க?"

அடுத்த விடுமுறைக்குச் சற்று முன்பு நான்காம் பாகம் வந்தது. அதையும் அவள் பிரிக்கவில்லை. அதே ஏரி வீட்டில் உறையைக் கிழித்தார்கள். அத்தை கண்ணை மூடிக்கொண்டு புத்தகத்தை விரித்து, விரிந்த இடத்திலிருந்து ஆரம்பித்தார். அவள் தன் முறை வந்ததும் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள்.

மூன்றாவது அத்தியாயத்திலேயே எல்லாம் முடிந்துபோனது. மந்திரவாதியின் அலமாரியில் ஒரு பாட்டில். பாட்டிலுக்குள் கறுப்பாகச் சுருண்டு கிடந்தது ராணியின் நிழல். ஆரம்பத்திலிருந்தே அங்கேதான் இருந்ததாம். பூட்டுக்காரி வந்து மூடியைத் திறக்கிறாள். பூட்டுக்காரி வெறும் பூட்டுக்காரிதான்.

அவள் புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு வெகுநேரம் ஏரியைப் பார்த்தாள். பல்லை நட்டு, வேக வைத்து, பாலிஷ் போட்டு முடித்த செட் வாயில் பொருந்தாமல் திரும்பி வந்தது போல இருந்தது. அத்தைக்கு இது தெரியாது. பாட்டிலைத் திறந்த பிறகான கதையில் அவர் எங்கோ போய்க்கொண்டிருந்தார். சாயங்காலம் தேநீர்க் கோப்பையோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "ராணிக்கு நிழல் திரும்பிடுச்சு, பாத்தியா? ஆனா பூட்டுக்காரியும் இருக்கா. எப்படின்னு நெனைக்கிற? நிழலு ரெண்டாப் பிரிஞ்சிருச்சு. பாதி ராணிக்கு, பாதி இவளுக்கு. அதான் இப்பல்லாம் மெலிஞ்சுபோனதா எழுதுறாங்க" என்றார்.

அவள் ம் கொட்டினாள். அத்தை அவள் முகத்தைத் திரும்பிப் பார்த்தார். அத்தனை வருடம் கவுண்டர் கம்பிக்குப் பின்னாலிருந்து முகம் பார்த்தவர்.

"விழுந்துருச்சா?"

அவள், "உங்க கதைதான் அத்தை நல்லா இருக்கு" என்றாள்.

அத்தை ஒரு வாய் தேநீர் குடித்தார். "எங்க வச்சிருந்தாங்களாம் நிழல?"

"பாட்டில்ல."

"பாட்டிலா!" அத்தைக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தேநீர் சிந்தியது. "நாலு பாகம் எழுதியிருக்காரு, அந்தாளுக்கு இது தோணலியே! தீக்குச்சியெல்லாம் கிழிக்க வச்சுட்டு!"

"தீக்குச்சி ரெண்டாம் பாகத்துல வருது அத்தை. நீங்க அதப் படிக்கலியே?"

அத்தை சற்றே முழித்தார். பிறகு, "மொதல்ல தெரிஞ்சுக்க வேணாம்னுதான் இருந்தேன்" என்று இழுத்தார். "போன தடவ நீ நிக்குதுன்னு சொன்னியா, மனசு கேக்கல. லைப்ரரில போய் எடுத்துட்டேன். அவன் கிட்ட சொல்லிடாத" என்று ஏரிப் பக்கம் மகனைக் காட்டினார். "அம்மாவும் இப்படி ஆயிட்டாங்கன்னு நெனைப்பான்."

விடுமுறை முடிந்து திரும்பும் வழியில் பஸ் நிலையக் கடையில் புதிதாக ஒரு புத்தக வரிசை தொங்கிக்கொண்டிருந்தது. அட்டையில் இறக்கை வைத்த ஒரு வீடு. இரண்டாம் பாகம்தான் இருக்கிறது, முதல் பாகம் விற்றுப்போயிற்று, அடுத்த வாரம் வரும் என்றார் கடைக்காரர்.

"பரவால்ல, இதையே குடுங்க" என்றாள் அவள். பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் பிடித்து, நடுவில் பிரித்தாள். யாரோ ஒரு கிழவர் கூரைமேல் நின்று அழுதுகொண்டிருந்தார்.