எங்க வீட்டுக்காரர் தலையில் வந்த பூகம்பம்

எங்க வீட்டுக்காரர் சுரேந்திரனுக்குப் பூகம்பம் வர்றது முன்கூட்டியே தெரியும்னு நாங்க குடியிருக்கிற டெய்ரி ஃபார்ம் ஏரியா பூரா ஒரு பேச்சு. கிளப்பிவிட்டது வேற யாரு, அவரேதான்.

சுனாமிக்கு அப்புறம் போர்ட் பிளேர்ல பூமி சும்மாவா கிடந்துச்சு? அப்பப்ப ஒரு குலுக்கல். நாங்கல்லாம் முதல்ல ஃபேனைப் பார்ப்போம், ஆடுனா ஓட்டம்தான். ஐயா ஃபேனைப் பார்க்கவே மாட்டாரு. பாதி சாப்பாட்டுல தட்டை வச்சுட்டு, "தரை சாயுது, கண்ணு முன்னாடி வெளிச்சம் ஓடுது. பூகம்ப் ஆயா, பாகோ!"ன்னு இந்தியில ஓடச் சொல்லி ஊரைக் கூட்டுவாரு. மக அகிலாவைத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டு, என் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு ரோட்டுக்கு வந்துருவாரு. சத்தம் கேட்டு எதிர்வீட்டு வங்காளிக் குடும்பம், மாடிவீட்டுத் தெலுங்குக்காரங்க எல்லாரும் ஓடி வருவாங்க. பத்துல ரெண்டு தடவை நெசமாவே ஆடிருச்சு. போதாதா?

"சுரேந்திரன் பாய், ஆஜ் கைசா ஹை?"ன்னு காலையில பஜாருக்குப் போறவங்க இன்னைக்கு ஆடுமான்னு இவர்கிட்ட விசாரிச்சுட்டுத்தான் போவாங்க. மனுஷனுக்குத் தலைகால் புரியல.

ஆனா ரோட்டுல நின்ன அரை மணி நேரத்துல ஐயா மூஞ்சி வெளுத்துரும். இடது நெத்திப்பொட்டு விண்விண்ணுன்னு தெறிக்குதும்பாரு, வாந்தி எடுப்பாரு. குக்கர் விசில் அடிச்சாக்கூட என்னமோ நான் அடிச்ச மாதிரி என்னைய முறைப்பாரு. கேட்டா, "பூகம்பத்தைத் தாங்குற உடம்புடி, கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும்"னு மழுப்பல். மூளையில கட்டி கிட்டி இருந்துட்டா நானும் பிள்ளையும் என்ன செய்வோம்? ஒருநாள் பல்லைக் கடிச்சுக்கிட்டு டாக்டர் ஜெகநாதன்கிட்ட இழுத்துட்டுப் போயிட்டேன்.

டாக்டர் கண்ணுல லைட் அடிச்சுப் பார்த்தாரு, நேர்க்கோட்டுல நடக்கச் சொன்னாரு, ஒரு மணி நேரம் கேள்வியா கேட்டாரு. கடைசியில, "கட்டி மாதிரி எதுவும் தெரியலம்மா. இது மைக்ரேன், ஒத்தைத் தலைவலி. சிலருக்கு வலிக்கு முன்னால கண்ணுல வளைஞ்சு வளைஞ்சு வெளிச்சம் ஓடும், தலை சுத்தும். சார், ஆடுறது பூமி இல்ல, நீங்கதான்"னாரு. நான் அப்பாடான்னு மூச்சு விட்டேன். இவரு வேலை போன மாதிரி உக்காந்திருந்தாரு.

இவருக்குக் கப்பல் நிக்கிற ஜெட்டியில சரக்கு எண்ணுற வேலை. காலையில வெறும் டீ, மத்தியானம் வரைக்கும் கண்ணைப் பறிக்கிற கடல் வெயில், ராத்திரி பூகம்பம் வருதான்னு முழிச்சுக் கிடக்கிறது. "இத்தனையும் சேர்ந்தா வராம என்ன செய்யும்?"னாரு டாக்டர். நேரத்துக்குச் சாப்பிடணும், தூங்கணும், தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போடணும். வலி தொடங்கினதுமே மாத்திரையைப் போட்டுட்டு இருட்டு ரூம்ல படுத்துரணும். "அதுக்காக மிட்டாய் மாதிரி முழுங்காதீங்க, வாரத்துல ரெண்டு நாளைக்கு மேல போட்டா மாத்திரையே தலைவலியைக் கொடுக்கும். அடிக்கடி வந்தா வாங்க, வராம தடுக்கத் தினமும் போடுற மருந்து இருக்கு."

அதுலேர்ந்து ஐயா ரொம்ப நல்ல பிள்ளை. காலையில நாலு இட்லி, தலையில தொப்பி. யாராவது பூகம்பம் கேட்டா, "எனக்கு மைக்ரேன்ங்க"ன்னு நழுவிருவாரு. "பதவி போச்சே ராசா"ன்னு நானும் அகிலாவும் ஓட்டு ஓட்டுன்னு ஓட்டினோம்.

ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம், அடுப்படியில தட்டு கலகலன்னுச்சு. நிமிர்ந்து பார்த்தேன், ஃபேன் ஆடுது. கேஸை அணைச்சேன், அகிலாவை வாரினேன், ரோட்டுல வந்து நின்னேன். தெருவே நிக்குது. எதிர்வீட்டம்மா சுத்திமுத்திப் பார்த்துட்டு, "சுரேந்திரன் பாய் கஹான் ஹை?"ன்னு அவரைத் தேடிக் கேட்டாங்க.

நானும் அப்பத்தான் பார்த்தேன், ஆளைக் காணோம். எப்பவும் அவர்தான் முன்னால நிப்பாரு. அதனால நான் தேடவே இல்ல.

பிள்ளையை அந்தம்மா கையில திணிச்சுட்டு உள்ள ஓடினேன். அதுக்குள்ள ரெண்டாவது குலுக்கல். ரூம்ல திரையை இழுத்துவிட்டு, கண்ணுல ஈரத்துண்டைப் போட்டுக்கிட்டு நிம்மதியாப் படுத்திருக்காரு. தலைமாட்டுல பீரோ முன்னும் பின்னும் ஆடுது.

"கத்தாதடி, மைக்ரேன்தான். மாத்திரை போட்டாச்சு."

"அட பாவி மனுஷா, நெசமாவே ஆடுதுய்யா!"

சட்டைக் காலரைப் பிடிச்சுத் தரதரன்னு இழுத்துட்டு வந்தேன். ஆட்டம் நின்னதும் தெருவே கைகொட்டிச் சிரிச்சுச்சு, நெசமா வந்த அன்னைக்குப் பூகம்பக்காரர் படுத்துட்டாராம். எனக்குச் சிரிப்பு வரல. அஞ்சு வருஷமா, பொய்யோ நெசமோ, ஒரு தடவைகூட எங்களை விட்டுட்டு அவர் வெளிய வந்ததில்ல. நான் கேஸை மறக்கல, இந்த மனுஷனை மறந்துட்டேன். ரோட்டோரத்துல உக்காந்து ஓன்னு அழுதேன்.

அவர் பக்கத்துல வந்து குந்தினாரு. நெத்திப்பொட்டை அமுக்கிக்கிட்டு, "சுதா, மெதுவா அழுடி. இப்பத்தான் நெசமாவே வலிக்க ஆரம்பிக்குது"ன்னாரு.

வாயைப் பொத்திக்கிட்டு அழுதேன்.