யார் பக்கம் சாயும் குட்டி

அந்த வீட்டில் கணவனும் மனைவியும் பேசிக்கொள்வதில்லை என்று யாராவது சொன்னால் அது அபாண்டம். நாள் முழுக்கப் பேசினார்கள். மகள் வழியாகப் பேசினார்கள், அவ்வளவுதான்.

"உங்க அப்பா சாப்பிடறாரான்னு கேளு" என்பாள் அம்மா. அப்பா மேஜைக்கு எதிர்ப்பக்கம், கை நீட்டினால் தொடும் தூரத்தில் உட்கார்ந்திருப்பார். மகள் திரும்பி, "அப்பா, சாப்பிடறீங்களா?" என்பாள். "பசிக்கலன்னு சொல்லு" என்பார் அப்பா, தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே.

இந்த ராஜதந்திர உறவுக்குக் காரணம் ஒரு மின்விசிறி. அப்பா லிஃப்ட் மெக்கானிக். ஹாலில் மின்விசிறி நின்றுபோனபோது "நாளைக்குப் பாக்கறேன்" என்று ஒரு கோடை முழுக்கச் சொன்னார். அம்மா பொறுத்துப் பார்த்துவிட்டு வெளியிலிருந்து ஓர் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் புதிது மாட்ட வைத்தாள். தன் வீட்டில் வேறொருத்தன் ஏணி போட்டு ஏறியதில் அப்பாவுக்கு மானம் போயிற்று. அம்மாவும் சும்மா இருந்திருக்கலாம். "ஊரையே மேல ஏத்தி இறக்கறவருக்கு ஒரு ஃபேனை ஏத்த நேரமில்ல" என்று சொல்லித் தொலைத்தாள். அன்று நின்ற பேச்சுதான். மின்விசிறி மட்டும் இன்றுவரை ஒரு குறையும் இல்லாமல் சுற்றுகிறது.

மூன்று வருஷமாக இந்தத் தபால் உத்தியோகத்தைச் சம்பளமில்லாமல் பார்த்த மகளுக்கு, இப்போது சம்பளத்தோடு வேறு வேலை கிடைத்துவிட்டது. வெளியூரில் ஒரு மருத்துவமனையின் பரிசோதனைக் கூடத்தில். திங்கட்கிழமை சேர வேண்டும். சந்தோஷப்பட வேண்டிய விஷயம். ஆனால் போன வருஷம் அவள் தோழிகளோடு சுற்றுலா போய்விட்டு வந்தபோது, வீட்டில் சமையல் கேஸ் தீர்ந்து, இரண்டு பேரும் ஆளுக்கொரு ரொட்டிப் பாக்கெட்டோடு ஆளுக்கொரு அறையில் இருந்தார்கள். கேஸ் தீர்ந்தது இரண்டு பேருக்கும் தெரியும். யார் யாரிடம் சொல்வது என்றுதான் தெரியவில்லை. அதை நினைத்தால் அவளுக்குப் பெட்டி கட்டக் கை வரவில்லை. போன் வழியாகவே நடத்தலாமே என்று கேட்டுப் பார்த்தாள். "பக்கத்து ரூம்ல இருக்கறவரைக் குளிக்கச் சொல்ல நான் வெளியூருக்கு போன் போடணுமா?" என்றாள் அம்மா. அதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்தது.

அப்போதுதான் நாய்க்குட்டி யோசனை வந்தது. தன் இடத்துக்கு ஆள் போடாமல் வேலையை விட முடியாது என்றால், போட்டுவிட வேண்டியதுதானே.

சனிக்கிழமை காலை மூவருமாக நாய்க்கார அக்கா வீட்டுக்குப் போனார்கள். சின்ன ஜாதிக் குட்டிகள் வளர்த்து விற்கிறவள் அவள். மிச்சம் இருந்தவை இரண்டு, ஓர் ஆண், ஒரு பெண். இரண்டும் உள்ளங்கையில் அடங்குகிற வெள்ளைப் பஞ்சுகள்.

"ஆணா, பெண்ணா? முதல்ல அதச் சொல்லுங்க."

"என்ன வித்தியாசம்?" என்று மகள் கேட்டாள்.

"ஆண் வளர்ந்தா காலைத் தூக்கிட்டு நாற்காலி, கதவு, சோபான்னு கையெழுத்துப் போடும். பெண்ணுக்கு வருஷத்துல ரெண்டு தடவை ரத்தம் படும். டாக்டர்கிட்ட காட்டி ஆபரேஷன் பண்ணிட்டா ரெண்டு தொல்லையும் குறையும். மத்தபடி குணம்லாம் குட்டியைப் பொறுத்தது. மடியில வெச்சுப் பாருங்க." ஒன்றை ஒன்று கடித்து விளையாடிக்கொண்டிருந்தால் குணம் தெரியாது என்று, ஆண் குட்டியை முன்னறையில் அம்மா மடியிலும், பெண் குட்டியைப் பின்கட்டில் அப்பா கையிலும் வைத்தாள். நடுவில் சமையலறை. மகளுக்குப் பழக்கப்பட்ட ஏற்பாடு.

அம்மா துணிக்கடையில் ஆல்டரேஷன் தைக்கிறவள். குட்டியின் முதுகைச் சாண் வைத்து அளந்து பார்த்தாள்.

"இதுவே இருக்கட்டும். ஆண்தான் வேணும்."

"ஏம்மா?"

"பெண்ணு வேண்டாம்டி. பெண்ணு எப்பவும் அப்பா பக்கம்தான் சாயும். உன்னைத்தான் பாத்துட்டேனே. இத்தனை வருஷத்துல ஒரு நாளாவது எனக்காகப் பேசியிருக்கியா?"

அம்மா சொன்ன சூடான வார்த்தைகளை எல்லாம் ஆற வைத்து, ஊதி ஊதிக் கொண்டுபோய்க் கொடுத்தவள் மகள். சரி, ஆண் என்று முடிவானதே பெரிது என்று பின்கட்டுக்கு நடந்தாள்.

"ஆண்தான் பாப்பா" என்றார் அப்பா. "பெண்ணுன்னா கடைசில உங்க அம்மா பக்கம்தான் சாயும். நான் பாக்காததா? நீயே எனக்காக ஒரு வார்த்தை பேசினதில்ல." சொல்லும்போது அந்தப் பெண் குட்டி அவர் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தது.

ஆக, மூன்று வருஷ சேவைக்கு இரண்டு நற்சான்றிதழ்கள் ஒரே காலையில் கிடைத்தன. வலிக்கத்தான் செய்தது. ஆனாலும் இரண்டு பேரும் ஒரே குட்டியைக் கேட்டுவிட்டார்களே என்ற ஆனந்தத்தில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள்.

"நல்லதாப் போச்சுப்பா. அம்மாவும் ஆண்தான் கேக்கறாங்க."

அப்பாவின் முகம் மாறியது. "அவளா? அப்ப அதுல ஏதோ விஷயம் இருக்கு. பெண்ணே எடு."

உத்தியோகத்தில் சேர்ந்த நாளிலிருந்து செய்யாத தவறு. உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டாள். சமையலறைக்குப் போய், நாய்க்கார அக்காவிடம் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்தாள்.

"இன்னும் முடிவாகலயா?" என்றாள் அக்கா. "வேற ஒரு குடும்பம் வருது."

"அஞ்சு நிமிஷம்க்கா."

மறுபடி பின்கட்டுக்குப் போனாள். "அப்பா, அம்மா மனசு மாறிட்டாங்க. பெண்தான் வேணுமாம். பெண்ணு அவங்க பேச்சைக் கேக்குமாம்."

"சொன்னேன்ல" என்றார் அப்பா. "ஆண். இனி பேச்சே கிடையாது."

முன்னறைக்கு வந்தாள். "அம்மா, அப்பா பெண்ணுதான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னார். நான் விடல. உனக்காகப் பேசி ஆண் வாங்கிட்டேன்."

அம்மா அவளை நிமிர்ந்து பார்த்தாள். "பரவாயில்லையே, போற நேரத்துல உனக்கு வாய் வந்துடுச்சே" என்றாள். வீடு திரும்பும்போது இரண்டு பேரும் ஜெயித்த முகத்தோடு வண்டியின் ஆளுக்கொரு ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். தோற்றவள் நடுவில் குட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அது போகிற வழியிலேயே அவள் மடியை நனைத்தது.

பெயர் வைக்க இன்னொரு சுற்றுத் தூது போக மகளுக்குத் தெம்பில்லை. 'தம்பி' என்று அவளே வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அறையில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது ஹாலில் குரல் கேட்டது.

"தம்பி, உங்க அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லுடா."

"வரேன்னு சொல்லுடா தம்பி. அம்மாவையும் உக்காரச் சொல்லு."

மகள் கையில் மடித்த துணியோடு நின்றாள். அம்மாவை உட்காரச் சொல் என்று அவளிடம் அப்பா ஒரு நாளும் சொன்னதில்லை. தன் மூன்று வருஷ வேலையை, இன்னும் குரைக்கக்கூடத் தெரியாத ஒரு பயல் ஒரே நாளில், அதுவும் தூங்கிக்கொண்டே, அவளைவிட நன்றாகப் பார்த்தான். இதற்காகத்தானே அவனைக் கொண்டுவந்தாள்? ஆமாம். ஆனாலும் தன்னை யாரும் கூப்பிடவில்லையே என்று அவளுக்கு அழுகை முட்டியது.

மாலையில் வண்டி வந்து வாசலில் நின்றது. அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அப்பா பெட்டியை வைத்துவிட்டு வந்து அம்மா பக்கத்தில் நின்றார். இரண்டு பேரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"தம்பி, போய்ச் சேர்ந்ததும் அக்காவை போன் பண்ணச் சொல்லு" என்றாள் அம்மா.

அப்பா தம்பியின் தலையைத் தடவினார். "தங்கற ரூம்ல ஃபேன் ஓடலன்னா வெளியாளைக் கூப்பிட வேண்டாம்னு சொல்லுடா. நான் வந்து மாட்டித் தரேன்."

மகள் குனிந்து குட்டியின் காதருகே வாயை வைத்தாள்.

"தம்பி, அம்மா அப்பாகிட்ட சொல்லுடா. நான் ரெண்டு பேர் பக்கமும்தான் இருந்தேன்னு."

தம்பி கொட்டாவி விட்டான். மூன்று வருஷத்தில் அந்த வீட்டில் ஒரு செய்தி சொன்னது சொன்னபடி போய்ச் சேர்ந்தது அன்றுதான்.