வடக்குச் சரிவின் பனி

மட்டாஞ்சேரி வெயிலில் மின்விசிறிக் காற்றே சுட்டது. நான் இமயமலைப் பனியின் ஆழத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மலையேறி, நீளக் கம்பியைப் பனியில் குத்தி, ஆழம் பார்த்து அனுப்புவது என் கணவர் சுதீர். அந்த எண்களை வைத்து, கோடையில் அடிவாரத்து ஊர்களுக்கு எவ்வளவு தண்ணீர் இறங்கும் என்று கணக்கிடுவது நான். ஒரே ஆய்வு நிலையத்தில் இருவருக்கும் வேலை.

இந்த முறை வடக்குச் சரிவின் எண்கள் உறுத்தின. பனி ஒருநாளும் ஒழுங்காகக் கிடக்காது. பாறைக்குப் பின்னால் கழுத்தளவு இருக்கும், பக்கத்திலேயே காற்றடிக்கும் மேட்டில் கணுக்கால்கூடப் புதையாது. சுதீர் அனுப்பியதிலோ எல்லா இடமும் ஏறக்குறைய இடுப்பளவு. சராசரியில் பழுதில்லை, சிதறல்தான் இல்லை. சராசரியை அறைக்குள் உட்கார்ந்தே எழுதிவிடலாம். மேடும் பள்ளமும் அங்கே போனவனுக்குத்தான் கிடைக்கும். என் அப்பா இங்கே மிளகு வியாபாரி. மூட்டையின் வாயை மட்டும் பார்த்து அவர் விலை பேசியதே இல்லை. குத்தூசியால் மேலே, நடுவே, அடியில் என்று குத்திப் பார்ப்பார். எல்லாம் ஒரே தரமாக வந்தால் அப்போதுதான் சந்தேகம் கூடும். அவர் பெண்தானே நான்.

போனில் கேட்டேன்.

"வடக்குப் பக்கம் நீங்களே ஏறினேளா?"

"பின்னே யாராக்கும் ஏறுவா?"

"எல்லாம் ஒரே மாதிரின்னா இருக்கு."

"இந்தத் தடவ காத்தே இல்லே. உனக்கு எப்பவும் சம்சயம்தான். ஃபைலை அனுப்பிடு, ஆபீஸ்ல அவா காத்திண்டிருக்கா."

காற்று இல்லாவிட்டால் பாறையும் இல்லாமல் போய்விடுமா? நான் அனுப்பவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், தண்ணீர்க் கவலை சீக்கிரமே பின்னுக்குப் போய்விட்டது. மலைக்குப் போகாதவர் அத்தனை நாளும் எங்கே இருந்தார்? அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

போன வருஷம் திரும்பி வந்தபோது அவர் முகம் கரிந்திருந்தது. பனியில் பட்டுத் திரும்பும் வெயில் அப்படி. கறுப்புக் கண்ணாடி மறைத்த இடம் மட்டும் கண்களைச் சுற்றி வெள்ளை வட்டமாக நின்றது. எதிர்வீட்டு விசாலாக்ஷி மாமி, "ஆந்தை மாப்ள ஆத்துல இருக்காரா?" என்று அந்த வட்டம் மறையும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது.

இன்று ஆட்டோ சத்தம் கேட்டதும் ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். முதலில் பார்த்தது அவர் கண்களைச் சுற்றித்தான். ரயில் புழுதியில், வாசல் நிழலில், ஒன்றும் நிச்சயமாகத் தெரியவில்லை.

"ஃபைல் போயாச்சா?" செருப்பைக் கழற்றும் முன்பே கேட்டார்.

"மொகம் அலம்பிண்டு வாங்கோ. சாயா போடறேன்."

குழாய்ச் சத்தம் நெடுநேரம் கேட்டது. அந்த அசட்டு வெள்ளை வட்டத்துக்காகப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பதாக வேண்டிக்கொண்டேன். துண்டால் துடைத்தபடி வந்து ஜன்னல் வெளிச்சத்தில் நின்றார்.

"என்ன அப்டிப் பாக்கறே?"

துண்டை இறக்கினார். நெற்றியிலிருந்து மோவாய் வரை எல்லா இடமும் ஒரே நிறம்.