ஆடும் அடிப்பலகை

டிரைவருக்கு ஆகாத விஷயம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான்: எதுவாவது லொட லொட என்று ஆடும் சத்தம். பஸ்ஸின் கடைசி சீட்டில் ஒரு ஸ்குரூ லூசானாலும் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தபடியே கண்டுபிடித்துவிடுவார். அதை முடுக்காமல் அடுத்த நடை எடுக்க மாட்டார். அப்படிப்பட்ட மனுஷன் வீட்டில்தான் அந்த மரப்பெட்டி பிறந்தது.

செய்தது அவர் மனைவி. தெருமுனையில் தையல் கடை வைத்திருப்பவர். துணி அலுத்த நேரங்களில் மரத்தின் மேல் கை வைப்பார். மூக்குக்கண்ணாடி வைக்கிற அளவுக்குச் சின்னப் பெட்டி. யாருக்கு? டிரைவரின் அக்காவுக்கு. வினையே அங்கேதான். முன்பு மனைவி தைத்துக் கொடுத்த சட்டை அக்காவின் தோளில் பிரிந்ததிலிருந்து, "இவ கை பட்டது எதுவும் நிலைக்காது" என்று அக்கா தீர்ப்பு எழுதிவிட்டார். அக்கா உடம்பு போட்டதைப் பற்றி அந்தத் தீர்ப்பில் ஒரு வரி கிடையாது. டிரைவரும் எடுத்துச் சொல்லவில்லை. அக்காவை எதிர்த்துப் பேசிப் பழகாத வாய் அது. இந்தப் பெட்டியாவது பெயரை மீட்டுத் தரும் என்று மனைவி நம்பினார். அவரைவிட டிரைவர் அதிகமாக நம்பினார்.

நாலு பக்கப் பலகைகளின் உள்ளேயும் காடி ஓட்டி, அந்தப் பள்ளத்தில் அடிப்பலகையைச் சொருகியிருந்தார். பிளைவுட் இல்லை, முழு மரத்தில் அறுத்த பலகை. பெட்டியின் மூலைகளுக்கு மட்டும்தான் பசை. டிரைவர் பெட்டியை எடுத்துக் காதருகே ஆட்டிப் பார்த்தார். டக், டக்.

"ஆடுதே!"

"ஆடணும்ங்க. மரம் மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும். உடம்பு போட்டா பிரிச்சு விடலாம்னு சட்டைக்கு உள்ள துணி மடிச்சு விடறேன்ல, அந்த மாதிரி காடிக்குள்ள கொஞ்சம் இடம் விட்டிருக்கேன்."

"மரம் உப்புமா?"

"விருந்துக்குப் போய்ட்டு வந்தா உங்க அக்கா உப்பறதில்லையா?"

டிரைவர் சிரித்துவிட்டார். ஆனால் அந்த டக் காதை விட்டுப் போகவில்லை. அக்கா கையில் எடுத்ததும் முதலில் கேட்கப்போவது அதுதானே? 'பாத்தியா, இப்பவே ஆடுது' என்பாரே? மனைவி கடைக்குக் கிளம்பியதும், சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தார். மரப்பசையைக் காடிக்குள் நாலு பக்கமும் விட்டு, வழிந்ததைப் பழந்துணியால் துடைத்துக் காயவைத்தார். ஆட்டிப் பார்த்தால் மூச்சுச் சத்தம் இல்லை. அவரே துணி சுற்றி வைத்துவிட்டு, விசிலடித்துக்கொண்டே டிப்போவுக்குப் போனார்.

அன்றே பிடித்த மழை, அக்கா வருகிற நாள்வரை விடவில்லை. சொட்டுகிற குடையோடு வந்த அக்கா, துணி சுற்றி வைத்திருந்த பெட்டியைப் பிரித்தார். ஒரு மூலை நகம் நுழைகிற அளவுக்கு வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

"நான் சொன்னாத்தான் பொல்லாப்பு. இவ கை பட்டது நிலைக்காதுடா."

மனைவி பெட்டியை வாங்கித் திருப்பிப் பார்த்தார். காடியோரம் காய்ந்து கிடந்த பசைக்கோடு கண்ணில் பட்டது. நிமிர்ந்து கணவரைப் பார்த்தார். திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி நின்றார் டிரைவர்.

"வேற செஞ்சு தரேன் அண்ணி" என்றார் மனைவி.

காட்டிக் கொடுத்திருந்தால்கூட டிரைவர் தாங்கியிருப்பார். இது தாங்கவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"அக்கா, அது நான் பண்ணது. அவ ஒழுங்காத்தான் செஞ்சிருந்தா. ஆடுதேன்னு நான்தான் பசை ஊத்தி ஒட்டினேன். மரம் உப்ப இடமில்லாம மூலையப் பிளந்துடுச்சு."

"நீயா?" அக்காவின் முகம் சட்டென்று இளகியது. "சரி விடு, நல்லதுக்குத்தானே பண்ணே."

மாமியார் உடைத்தால் மண்குடம் என்பார்கள். தம்பி உடைத்தாலும் மண்குடம்தான் போலிருக்கிறது.

"அவ பண்ணா கை சரியில்ல, நான் பண்ணா நல்லதுக்கா? பெட்டி ஒண்ணுதானேக்கா? அந்தச் சட்டையும் அப்படித்தான். நீ குண்டானதுக்கு அவ என்ன பண்ணுவா?"

வார்த்தை வெளியே வந்த பிறகுதான் டிரைவருக்கே அது கேட்டது. மனைவி அவசரமாக டீயைக் கொண்டுவந்து நீட்டினார். அக்கா அதை வாங்கிக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனவர், தம்பியைத் திரும்பியும் பார்க்காமல் அவர் மனைவியைக் கூப்பிட்டார்.

"பெட்டிய ஆடற மாதிரியே செஞ்சு வை. அடுத்த தடவ வரும்போது அந்தச் சட்டையக் கொண்டாறேன். உள்ள துணி விட்டிருக்கேல்ல?"

"நிறையவே விட்டிருக்கேன் அண்ணி."