ஒரே மாதிரியான இரண்டு சேர்வர்கள்

ஸுஹைனா காலை எட்டு மணியிலிருந்து சேர்வர்கள் இருந்த கண்ணாடியறைக்குள் இரண்டு திரைகளை மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அபாயாவுக்கு மேலே ஸ்வெட்டர் போட்டும் ஏசிக் குளிரில் விரல்கள் விறைத்தன. காத்தான்குடியிலுள்ள அந்த அலுவலகம் ஏழு ஆய்வுகூடங்களுக்கு இரத்தப் பரிசோதனை முடிவுகளை அனுப்பிக் கொடுக்கிறது. ஒரே நாளில் வாங்கிய இரண்டு சேர்வர்கள், இரண்டிலும் ஒரே ஜாவா புரோகிராம். முதலாவது பம்பரமாய்ச் சுழன்றது. இரண்டாவதோ நிமிடத்துக்கு இருபது விநாடி வேலையை நிறுத்திவிட்டு, தன் நினைவகத்தில் சேர்ந்த குப்பையைக் கூட்டிக்கொண்டு நின்றது. அந்த நேரமெல்லாம் நோயாளிகள் ஆய்வுகூட வாங்கில் உட்கார்ந்து காத்துக்கிடந்தார்கள்.

புரோகிராமை ஏற்றியவள் அவள்தான். ஆறு மாதத் தற்காலிக வேலை வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. கட்டாருக்கு வேலைக்குப் போய் முதுகு முறிந்து வந்த கணவன் முஹம்மட் படுக்கையில் கிடக்கிறான். வீட்டில் உழைக்க வேறு ஆளில்லை. "இண்டைக்குள்ள கண்டுபிடிச்சாத்தான் நிரந்தரக் கடிதம், தங்கச்சி," என்று சொல்லிவிட்டிருந்தார் மேனேஜர் றிஸ்லான்.

பதிவுகளை வரிவரியாக ஒப்பிட்டாள். அமைப்பும் சுமையும் ஒன்றுதான். ஜாவா தனக்கு எடுத்துக்கொண்ட இடம் மட்டும் இரண்டாவதில் பாதி. பெட்டியில் இருக்கிற நினைவகத்தைப் பார்த்துத்தான் ஜாவா தன் பங்கை எடுக்கும். அப்படியென்றால் குறை பெட்டியில்தான். சுமையை முதலாவதுக்கு மாற்றி, மின்சாரத்தை நிறுத்தி, மூடியைக் கழற்றினாள். நான்கு நினைவகத் தகடுகள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டே இருந்தன. தப்பிவிட்டோம் என்று நினைத்தாள், பாவம்.

"சேர், புரோகிராமில பிழையில்ல. ரெண்டு ரேம் காட் கழட்டிரிக்கி. போன மாசம் றிப்ஷான் நானா கண்ணாடியறைச் சாவிய எடுத்த அண்டைக்குத்தான் இது தொடங்கிரிக்கி."

அவள் அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடும் றிப்ஷான் மேனேஜரின் மனைவியின் தம்பி. பின்னறையில் இருந்து கலியாண வீடியோ வெட்டி ஒட்டுகிறவன்.

றிஸ்லான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. சாவிப் பதிவேட்டை எடுத்து விரித்தார். அறைக்குள் போகிறவர்கள் கையெழுத்துப் போட வேண்டும் என்பது ஒழுங்கு. போட்டவள் ஸுஹைனா ஒருத்திதான். மற்றவர்கள் ஆணியில் தொங்கும் சாவியை எடுத்துக்கொண்டு பேசாமல் போவார்கள். பக்கத்துக்குப் பக்கம் அவள் பெயரே வரிசையாக இருந்தது.

"இதில வேற ஆர்ட பேரு இரிக்கி? காட்டுங்க பாப்பம்."

"நான் மட்டுந்தானே சேர் ஒழுங்காப் போடுற..."

"அதத்தான் நானும் சொல்றன். உங்கட மானத்த நினைச்சு வெளிய சொல்லல்ல. ராஜினாமா எழுதித் தாங்க. போக முன்னுக்கு அந்த சேர்வரையும் சரி பண்ணிட்டுப் போங்க."

அவள் மூடியைப் போட்டு, மின்சாரத்தைத் திரும்பக் கொடுத்தாள். இரண்டு தகடு தாங்குமளவுக்கு, சுமையில் ஒரு பங்கை மட்டும் இரண்டாவதுக்குத் திருப்பிவிட்டாள். ஆய்வுகூடங்களில் முடிவுகள் மளமளவென்று வரத் தொடங்கின.

வாசலில் காவலாளி ரதீஸ் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"சேர் பைய சோதிக்கச் சொன்னவர், தங்கச்சி. கோவிக்காதிங்க."

குடை, முஹம்மட்டுக்கு வைத்தியர் எழுதிய மருந்துத் துண்டு, சோற்றுப் பெட்டி எல்லாம் மேசைக்கு வந்தன. பின்னறையில் றிப்ஷானின் கணினியில் கலியாண வீடியோ ஒன்று எங்கும் தடங்கலில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. ரதீஸ் பெட்டியின் மூடியைத் திறந்து, அவள் இன்னும் தொடாத சோற்றைக் கரண்டியால் கிளறிப் பார்த்தார்.