ஓரடி இறக்கை

காற்றாடியின் மூன்றடி இறக்கையை ஹரிபிரசாத் முதலில் இரண்டரை அடியாக வெட்டினான். அந்த வாரம் பேட்டரி கூடுதலாக ஏறியிருந்தது. இரண்டடியாக்கினான். இன்னும் ஏறியது. நான்கு மாதத்தில் ஓரடிக்கு வந்துவிட்டான்.

கசார்வாடியில், பழைய ஹைவேயை ஒட்டிய கட்டிடத்தின் மொட்டை மாடியில், கரண்ட் எடுக்க அவன் செய்த காற்றாடி விர்ரென்று சுற்றியது. பிவிசி குழாயைப் பிளந்து செய்த இறக்கைகள். மின்சார ஸ்கூட்டரிலிருந்து கழற்றிய மோட்டார். சின்ன இறக்கை வேகமாகச் சுற்றுகிறது, அதனால் கரண்ட் கூடுகிறது என்று தனக்குத் தானே விளக்கம் சொல்லிக்கொண்டான். சாயங்காலம் பட்டறையிலிருந்து வந்ததும் பேட்டரியை மட்டும் அளப்பான். காற்றாடியிலிருந்து இறங்கும் ஒயரில் மீட்டர் வைத்ததே இல்லை. பேட்டரி நிறைந்தால் போதாதா?

இதற்காகத்தான் பிம்ப்ரியில் நல்ல சம்பளத்துக்குப் பார்த்த நைட் ஷிப்ட் வேலையை விட்டுப் பட்டறையில் சேர்ந்தான். மனைவி கிரிஜா அதை இன்னும் மன்னிக்கவில்லை. இன்று பட்டறை முதலாளி சுனில் ஷேட் பார்க்க வந்திருந்தார். பிடித்துப்போனால் இதே மாதிரி பத்து செய்யலாம், பொறுப்பு ஹரிபிரசாத்துக்கு என்று சொல்லியிருந்தார்.

ஷேட் பேட்டரியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக ஒயரில் மீட்டரை மாட்டினார். பூஜ்யம்.

"என்ன பாய், ஒண்ணுமே வரலையே?" என்று இந்தியில் கேட்டார்.

கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்த மச்சினன் விச்சு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"நான்தான் மாமா. தினம் மத்தியானம் பேட்டரிக்கு சார்ஜர் போட்டுட்டேன். நீங்க வெட்ட வெட்ட ஒரு மணி நேரம் கூட்டிவிட்டேன். இறக்கையைக் கரண்டி சைசுக்குக் கொண்டுவரேன்னு பசங்ககிட்ட பந்தயம்!"

ஹரிபிரசாத்தின் மூளை ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டது. முதல் வாரம். அப்போது விச்சு சேலத்திலிருந்து வந்து சேரவே இல்லை. மூன்றடி இறக்கை. அதில் பல்பு எரிந்தது.

"ஷேட்ஜி, மூணடியில நிஜமாவே ஓடிச்சு. எட்டு நாள் குடுங்க, மறுபடி மாட்டிக் காட்டறேன்."

"முதல் நாள்லேர்ந்தே நான்தான்," என்றான் விச்சு.

"டேய், நீ அப்ப ஊர்லேர்ந்தே வரலையேடா!"

"வந்துட்டேன் மாமா. நீங்க மேலயே குடியிருந்தீங்க, கவனிக்கல."

ஷேட் தேநீரோடு நின்ற கிரிஜாவிடம் திரும்பினார். "பாபி, நீங்க சொல்லுங்க. ஓடிச்சா?"

அந்த முதல் வாரம் இரண்டு நாள் கட்டிடத்தில் கரண்ட் இல்லை. காற்றாடி பல்பின் வெளிச்சத்தில்தான் அவள் சப்பாத்தி தேய்த்தாள். அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுக் காட்டினாள். ஹரிபிரசாத் அவள் முகத்தையே பார்த்தான். அவள் அவனைப் பார்த்துக்கொண்டே, நல்ல இந்தியில், நிதானமாகச் சொன்னாள்.

"இல்ல ஷேட்ஜி. ஒருநாளும் ஓடல. தம்பி சொல்றதுதான் நிஜம்."

ஷேட் தேநீரைக் குடித்து முடித்தார். ஹரிபிரசாத்தின் தோளில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் படியிறங்கினார்.

"ஏன்டி?" என்றான்.

"பிம்ப்ரியிலேர்ந்து போன் வந்துச்சு. திங்கக்கிழமை வருவீங்கன்னு சொல்லிட்டேன். நைட் ஷிப்ட்தான்." காலி டம்ளரை எடுத்துக்கொண்டாள். "விச்சு, மாமாவுக்கு ஸ்பானர் எடுத்துக் குடு. அவரே கழட்டட்டும். துணி காயப்போட இடமில்ல."